பிஎச்.டி.யா, டிஎன்பியா?

வார்டில் கூட வேலை பார்க்கும் தங்கச்சி ஒருத்தி நர்சிங்கில் முனைவர் பட்டம் படிக்க ஆசைப்படுகிறாள். "அமெரிக்காவில் என் ஃபிரெண்ட் டிஎன்பி படிக்கிறா. நானும் அதையே படிக்கட்டுமா அக்கா?" என்று கேட்டாள்.

இரண்டுமே முனைவர் பட்டம்தான், ஆனால் போய்ச் சேரும் இடம் வேறு. பிஎச்.டி. புதிதாக ஆய்வு செய்யப் பழக்கும். டிஎன்பி (டாக்டர் ஆஃப் நர்சிங் பிராக்டிஸ்), ஏற்கெனவே வந்த ஆய்வுகளைக் கட்டிலருகே நடைமுறைக்குக் கொண்டுவரப் பழக்கும். டிஎன்பிக்கு இளங்கலைக்குப் பிறகு நூற்றுக்கணக்கான மணி நேரக் களப்பயிற்சி வேண்டும். அங்கே நர்ஸ் பிராக்டிஷனராக மருந்து எழுதப் போகிறவர்களுக்கு அது பொருந்தும். நம்மூரில் பேராசிரியராக, ஆய்வாளராக வர நினைப்பவளுக்கு பிஎச்.டி.தான் சரி என்பது என் உறுதியான கருத்து.

அதைவிட முக்கியம், அவளிடம் கேள்வி இருக்கிறது. பக்கவாதம் வந்து படுத்திருப்பவரை 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்கச் சொல்கிறோம். நைட் டியூட்டியில் ஒரே நர்ஸ் எத்தனை பேரைத் திருப்ப முடியும்? யாருக்கு, எங்கே படுக்கைப்புண் வந்தது, முதுகிலா, குதிகாலிலா என்று நோட்டில் குறித்தே வைத்திருக்கிறாள்!

அவளுக்கு நான் சொல்வது இதுதான்: அந்த நோட்டைப் பொறுமையாகப் படிக்கும் வழிகாட்டியைத் தேடும்மா. கல்லூரிப் பெயரை அப்புறம் பார்க்கலாம். அவரிடம் முடித்தவர்களுக்கும், பாதியில் விட்டவர்களுக்கும் போன் போட்டுப் பேசிவிட்டு அப்ளிகேஷன் போடு.