இமைக்கும் அளவுண்டு

'கண்ணை இமை காப்பது போல' என்னும் உவமையை வழங்காத தமிழ்க்குடும்பம் இல்லை. தாய் மகவைக் காப்பதையும் ஆசான் மாணாக்கரைக் காப்பதையும் இவ்வுவமையாலேயே புகழ்கின்றோம். ஆயின், காக்கும் இமைக்குத் துன்பம் நேர்ந்தால் கண் என்னாகும் என்று நாம் எண்ணுவதில்லை. அவ்வெண்ணத்தின் விளைவே இக்கட்டுரை.

தமிழிலக்கணம் இமையை ஓர் அளவுகோலாகவே கொண்டது. மாத்திரை என்னும் ஒலியளவை வரையறுக்க வந்த தொல்காப்பியர், இயல்பாகக் கண்ணிமைக்கும் பொழுதையும் கைந்நொடிப் பொழுதையுமே எடுத்துக் கொண்டார். கண்ணை அழகு செய்வதும் நமக்குப் புதிதன்று. மை தீட்டுதலை முன்னோர் 'கண் எழுதுதல்' என்றனர். திருக்குறளின் காதற்சிறப்புரைத்தல் அதிகாரத்துத் தலைவி, கண்ணுள் உறையும் காதலர் மை எழுதும் பொழுதில் மறைந்துவிடுவாரே என்றஞ்சி எழுதாது விடுகின்றாள். ஆகவே, கண்ணை அழகு செய்ய விழையும் இளம்பெண்ணை 'இஃது என்ன புதுப்பழக்கம்' என்று கடிவது பொருந்தாது. எழுதுவதா விடுவதா என்பது பழைய வினா. இன்றைய வினா எவ்வளவு என்பதே.

மேலிமையில் ஏறத்தாழ 100 முதல் 150 வரையும், கீழிமையில் அதிற் பாதியளவும் மயிர்கள் உள்ளன. அவை அணிகலன்கள் மட்டும் அல்ல, காவலர்களுமாம். நிமிடத்திற்குப் பதினைந்து முறை அளவில் நாம் இமைக்கும்தோறும் கண்ணின்மேல் மெல்லிய கண்ணீர்ப்படலம் பரவுகின்றது. இமையோரத்துச் சுரப்பிகள் வழங்கும் எண்ணெய்ப்பசை அப்படலத்தின் மேற்போர்வையாகி, நீர் விரைந்து உலராமல் தடுக்கின்றது. காற்று நேரே கண்ணிற் படாமல் திசைதிருப்பும் பணியை இமைமயிர் செய்கின்றது.

இதனை அளந்து காட்டியவர்கள் அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்து ஆய்வாளர்கள். இருபத்திரண்டு வகைப் பாலூட்டிகளின் இமைமயிரை அவர்கள் அளந்தனர். காற்றுக்குழாயில் செயற்கைக் கண்ணை வைத்தும் ஆராய்ந்தனர். 2015இல் வெளியான முடிவு வியப்புக்குரியது. விலங்கு பெரிதாயினும் சிறிதாயினும் இமைமயிரின் நீளம் கண்ணின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்காகவே அமைந்திருந்தது. அவ்வளவில் இருக்கும்போது கண்ணீர் உலர்வதும் தூசி படிவதும் பாதியளவு வரை குறைகின்றன. அதனினும் நீண்டால், காவல் கூடுவதற்கு மாறாக, காற்றைக் கண்ணை நோக்கி ஈர்க்கும் வாயிலாக இமைமயிர் மாறிவிடுகின்றது. படைத்தவன் வைத்த அளவுக்குள் எத்துணை நுட்பம் அடங்கியுள்ளது!

இவ்வாய்வு எனக்கு வெறும் ஏட்டுச் செய்தியாக நின்றுவிடவில்லை. 2024 சனவரியில் என் தங்கை மகளின் நிக்காஹ் உதகமண்டலத்தில் நடைபெற்றது. அத்திங்களில் அவ்வூரின் தாழ்வான பகுதிகளில் வைகறைப் பொழுதில் புல்வெளி வெண்ணிறமாக உறைபனி படிந்து கிடக்கும். மணநாளுக்கு இரண்டு நாள் முன்னர், சமவெளியில் உள்ள ஓர் அழகு நிலையத்தில் அவள் 'ஐலாஷ் எக்ஸ்டென்ஷன்' செய்துகொண்டு மலையேறியிருந்தாள். ஒவ்வோர் இமைமயிரின்மீதும் நீண்ட செயற்கை இழையைப் பசையால் ஒட்டுவதே அம்முறை. ஒட்டும் இமைமுடிக்கு அன்னா டெய்லர் என்னும் பெண்மணி 1911ஆம் ஆண்டிலேயே அமெரிக்கக் காப்புரிமை பெற்றுவிட்டார். மாலையில் கழற்றி வைக்கும் பட்டை முடி அது. இன்றைய முறையில் ஒட்டியது வாரக்கணக்கில் இமையிலேயே தங்கும்.

மணநாளன்று அவள் கண்கள் செவ்வரளியாய்ச் சிவந்திருந்தன. நீர் இடையறாது வழிந்தது. பிறந்தகம் பிரியும் துயரம் என்று உறவினர் அனைவரும் உருகினர். என் தங்கையும் முந்தானையால் மகள் கண்ணைத் துடைத்துத் தானும் அழுதாள். அவள் என்னைத் தனியே அழைத்து, "பெரியம்மா, மணல் விழுந்த மாதிரி உறுத்துது, வெளிச்சத்தைப் பாக்கவே முடியல. அம்மாகிட்ட மட்டும் சொல்லிராதீங்க, நன்னி காதுக்குப் போயிரும்" என்றாள். தாங்க முடியாத வேதனையிலும் அவள் அஞ்சியது கண்ணுக்கன்று, கண்டிப்புக்கே. எத்துணை பெண்மக்கள் இவ்வாறு வலியை மறைக்கின்றனரோ என்னும் எண்ணம் என்னை வாட்டியது.

மறுநாள் கண் மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். கண்ணில் மஞ்சள் நிறச் சாயத்துளி இட்டு நீல ஒளியில் நோக்கிய அவ்வம்மையார், இமையோரம் ஒவ்வாமையால் வீங்கியிருப்பதையும், கருவிழியின் மேற்பரப்பு ஆங்காங்கே வறண்டிருப்பதையும் கூறினார். பின்னர் காரணங்களை ஒவ்வொன்றாக விளக்கினார்.

முதலாவது பசை. சயனோஅக்ரிலேட் வகையைச் சார்ந்த இப்பசை ஈரம் பட்டு இறுகும்போது எழும் ஆவி கண்ணை உறுத்தும். சிலர்க்கு ஒவ்வாமையும் தரும். 2012இல் வெளியான ஜப்பானிய ஆய்வொன்று, இம்முறையால் பாதிக்கப்பட்டு மருத்துவரை நாடிய 107 பெண்களுள் 64 பேருக்குக் கருவிழியையும் வெண்படலத்தையும் பற்றிய அழற்சியும், 42 பேருக்கு ஒவ்வாமை இமையழற்சியும் இருந்ததைப் பதிவு செய்துள்ளது. ஆராய்ந்த பசைகளில் பார்மால்டிஹைடு இருந்ததையும் அது காட்டிற்று.

இரண்டாவது குளிர்காலம். குளிர்ந்த காற்று மிகச் சிறிதளவு நீராவியையே தாங்கும். அக்காற்றை அறைக்குள் ஹீட்டர் கொண்டு சூடாக்கினால் ஈரப்பதம் மேலும் தாழ்ந்து, கண்ணீரைக் காற்று பருகத் தொடங்கும். வெளியே வாடை, உள்ளே வறட்சி. நடுவே அளவு கடந்து நீண்ட இமைமயிர். கண் எங்ஙனம் தாங்கும்?

மூன்றாவது, நீருக்கு அஞ்சுதல். ஒட்டிய முதல் நாள் நீர் படலாகாது என்று அழகு நிலையத்தார் கூறியதை, இழை உதிருமே என்னும் அச்சத்தால் அவள் பல நாளுக்கு நீட்டித்துவிட்டாள். நாள்தோறும் ஐந்து வேளை ஒளுச் செய்து முகம் கழுவும் வீட்டில் பிறந்த பெண், இமையில் நீர் படாமல் ஒதுங்கினாள். தூசியும் எண்ணெய்ப்பசையும் இமையோரத்தில் தங்கின. இழை ஒட்டியிருக்க ஒளு நிறைவேறுமா என்பது ஆலிம்களிடம் கேட்டறிய வேண்டியது. யான் கூறப்புகுவது கண்நலம் ஒன்றே: கழுவப்படாத இமை நோய்க்கு இடமாகும்.

இழைகளைப் பயிற்சி பெற்றவர் உரிய கரைப்பானால் அகற்றினர். செயற்கைக் கண்ணீர்த் துளிகளும், வெதுவெதுப்பான துணி ஒற்றடமும், இமையோரத் தூய்மையுமே மருத்துவம். இரு வாரங்களில் சிவப்பு அடங்கிற்று. உறுத்தல் தாளாது அவளே பிடுங்கிய இடங்களில் இமைமயிர் மீண்டும் நிரம்பச் சில திங்கள் ஆயின. செய்தி அறிந்த நன்னி கடிந்தாரல்லர், "புள்ள கண்ணு நல்லாயிருச்சா?" என்று மட்டுமே கேட்டார்.

இதனால் பழையன எல்லாம் நல்லன என்று முடிவு கட்டலாகாது. நம் பாட்டியர் சிமிழில் வைத்திருந்த சுருமாவையே எடுத்துக்கொள்வோம். கடைகளில் சுருமா என விற்கப்படும் பொடிகள் பலவற்றில் கலினா என்னும் ஈயக் கனிமம் இருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்குப் பெருங்கேடு. பசையாயினும் பொடியாயினும், கண்ணருகே செல்வது யாது என்று கேட்டறிதல் அறிவுடைமை.

மாணவியர்க்குச் சில சொற்கள். இமைமுடி ஒட்டியே ஆகவேண்டும் என்று விழைவோர், மணநாளுக்கு முதல்நாள் அதனைச் செய்தல் வேண்டா; சில நாள் முன்னரே சிறிதளவு பசையைத் தோலில் இட்டு ஒவ்வாமையைச் சோதிக்கச் செய்க. நீளமும் எடையும் குறைந்த இழையைத் தேர்க. பனிக்காலத்தில் இருசக்கர வண்டியில் செல்லுங்கால் கண்ணாடி அணிக. ஹீட்டர்க் காற்று முகத்தில் நேரே படாதவாறு அமர்க. கைபேசியை நெடுநேரம் நோக்கின் இமைப்பது குறையும். நினைந்து இமைக்கப் பழகுக. இமையோரத்தை நாள்தோறும் மென்மையாகத் தூய்மை செய்க. உறுத்தினால் தேய்த்தலும் பிடுங்குதலும் கூடா. வலியோ, பார்வை மங்கலோ, ஒளி தாளாமையோ தோன்றின் அன்றே மருத்துவரை நாடுக.

பெரியோர்க்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. பெண்மக்கள் கண் சிவந்து நிற்கையில், 'ஏன் செய்தாய்' என்னும் வினாவைப் பின்னுக்கு வைத்து, 'எங்கே வலிக்கிறது' என்பதை முதலில் வினவுவோம். அவ்வினாவை எதிர்நோக்கும் பிள்ளைகள் வலியை மறையார். நோயும் முற்றுவதற்கு முன்னரே மருந்தைக் காணும்.