கார் எதுவரை போகும்?

நங்கநல்லூரில் பிள்ளையோ பெண்ணோ அமெரிக்காவில் இருக்கும் வீடுகள் தெருவுக்குத் தெரு உண்டு. ஆறு மாதம் அங்கே இருந்துவிட்டுத் திரும்புகிற பெரியவர்கள் ஆஞ்சநேயர் கோயிலில் தரிசனம் முடித்து வெளியே வந்து நின்றால், விசா, குளிர், மருத்துவக் காப்பீடு என்று பேச்சு ஓடி டிஸ்னி வேர்ல்டில் வந்து நிற்கும். அடுத்த வருஷம் போகப்போகிறவர்கள் கோட்டை எப்படி, வாணவேடிக்கை எப்படி என்று அதிகம் கேட்பதில்லை. "எவ்வளவு நடக்கணும்?" என்பதுதான் அவர்களுடைய முதல் கேள்வி.

வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவரும் அவர் மனைவியும் இந்தக் கேள்விக்கு விரிவாகவே பதில் சொல்வார்கள். மாமிக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். வீட்டிலிருந்து மார்க்கெட் வரை போவதற்கே நடுவில் ஓரிடத்தில் உட்கார்ந்தாக வேண்டும். நியூ ஜெர்சியில் இருக்கும் மகள், பேரனின் கோடை விடுமுறைக்கு, டிஸ்னி வேர்ல்ட் பார்க்க, ஆர்லாண்டோ பயணம் போட்டாள். டிஸ்னிக்குச் சொந்தமான ஓட்டல்களில், அதுவும் மோனோரயில் போகும் ஓட்டல்களில், ஓர் இரவுக்கே பல நூறு டாலர். அதனால் வெளியே ஒரு சாதாரண ஓட்டலில் அறை எடுத்தார்கள். வாடகைக் கார் எடுத்தால் அதற்குத் தனியாகப் பார்க்கிங் கட்டணம் வேறு. "மூணு நாளைக்குக் கார் எதுக்கு, உபர் போதும்" என்றார் மாப்பிள்ளை.

காலையில் கார் வந்தது. மகள் செயலியில் போட்டிருந்த இடம் டிஸ்னி வேர்ல்டின் மேஜிக் கிங்டம் பூங்கா. ஓட்டுநர் பின்னால் திரும்பி, டிஸ்னி ஓட்டல் எதிலாவது அறை இருக்கிறதா, அங்கே சாப்பிட முன்பதிவு இருக்கிறதா என்று கேட்டார். இரண்டும் இல்லை. அப்படியானால் பூங்காவுக்குப் பக்கத்தில் இருக்கும் டிஸ்னியின் கன்டெம்பரரி ஓட்டல் வாசலில் இறக்க முடியாது, டிக்கெட் சென்டரில்தான் இறக்குவேன் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். பூங்காவுக்குப் போகக் கிளம்பியவர்களிடம் ஓட்டலைப் பற்றி ஏன் கேட்கிறார் என்று மாமாவுக்குப் புரியவில்லை. அது புரிய அந்த இடத்தின் அமைப்பு தெரிந்திருக்க வேண்டும்.

கலிபோர்னியாவில் 1955இல் டிஸ்னிலேண்ட் திறந்தபோது, சுற்றிலும் மோட்டல்களும் கடைகளும் மதிலை ஒட்டி முளைத்தன. வால்ட் டிஸ்னிக்கு அது பிடிக்கவில்லை. ஃப்ளோரிடாவில் மறுபடி தொடங்கியபோது, வெளியுலகம் எட்டிக்கூடப் பார்க்க முடியாத அளவுக்கு, 25,000 ஏக்கருக்கும் மேல் நிலம் வாங்கப்பட்டது. அவர் 1966இல் காலமானார். டிஸ்னி வேர்ல்ட் 1971 அக்டோபர் 1 அன்று திறந்தது. வாகன நிறுத்தத்துக்கும் பூங்காவுக்கும் நடுவே ஓர் ஏரியையே வெட்டினார்கள். வெட்டிய மண்ணைக் கொண்டு பூங்காவின் அடியில் ஓடும் ஊழியர் சுரங்கப் பாதைகளின் மேல் மேடு எழுப்பினார்கள். வருகிறவர் காரை விட்டு இறங்கி, நீரைக் கடந்து, வேறோர் உலகத்துக்குள் நுழைய வேண்டும் என்பது திட்டம். அந்த இறங்குமிடம்தான் டிரான்ஸ்போர்ட்டேஷன் அண்ட் டிக்கெட் சென்டர். ஆர்லாண்டோவில் எல்லோரும் டி.டி.சி. என்கிறார்கள். பூங்கா அங்கிருந்து ஏறத்தாழ ஒரு மைல் தள்ளி, ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது.

எப்காட், ஹாலிவுட் ஸ்டூடியோஸ், அனிமல் கிங்டம் ஆகிய மற்ற மூன்று பூங்காக்களுக்கும் போனால் உபர் வாசலுக்குப் பக்கத்திலேயே இறக்கிவிடும். மேஜிக் கிங்டத்துக்கு மட்டும் அப்படி இல்லை. ஆனால் அதே பூங்காவிலிருந்து கன்டெம்பரரி ஓட்டல் பத்து நிமிட நடைதான். ஓட்டலில் இறங்கி நடந்துவிட்டால் மோனோரயில் வரிசையும் இல்லை, படகு வரிசையும் இல்லை. இந்தக் குறுக்குவழி ஊர் முழுக்கத் தெரிந்த ரகசியமாகிவிட்டது. ஓட்டல் நுழைவில் இருக்கும் காவலர் அறையா, சாப்பாட்டு முன்பதிவா என்று கேட்பது இதனால்தான். கிறிஸ்துமஸ், புத்தாண்டு, ஜூலை நாலு போன்ற நாட்களில் கெடுபிடி இன்னும் கூடும்.

டி.டி.சி.யில் இறங்கியதும் பாதுகாப்புச் சோதனை. மாமி தோளில் மாட்டியிருந்த துணிப்பையில் புளியோதரை இருந்தது, எவர்சில்வர் டப்பாவில், மேலே ரப்பர் பேண்ட் போட்டு. சாப்பாட்டைப் பிடுங்கிக் கொள்வார்களோ என்று காலையிலிருந்து அவருக்குக் கவலை. காவலர் மூடியைத் திறந்து, வறுத்த வேர்க்கடலையும் மிளகாயும் மேலே கிடந்த சாதத்தைப் பார்த்தார், மூடித் திருப்பிக் கொடுத்தார். வெளிச் சாப்பாட்டுக்கு அங்கே தடையில்லை. கண்ணாடிப் பாத்திரமும் மதுவும் கூடாது. எவர்சில்வர் கொண்டுபோன நங்கநல்லூர் வழக்கம் அங்கே நன்றாகவே பயன்பட்டது.

சோதனை முடிந்ததும் இரண்டு வழி. மோனோரயில் நிலையம் உயரத்தில் இருக்கிறது, நீளமான சரிவுப் பாதையில் ஏற வேண்டும். படகுத்துறை தரைமட்டத்தில் இருக்கிறது, கீழ்த்தளத்துக்கு அப்படியே நடந்து ஏறிக்கொள்ளலாம். பேரன் மோனோரயில் என்றான். மாமி அந்தச் சரிவை ஒருமுறை பார்த்துவிட்டுப் படகுப் பக்கம் நடந்தார். முழங்கால் வலி உள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டிய முதல் செய்தி இதுதான். அவசரமென்றால் மோனோரயில், கால் வலியென்றால் படகு. ஒரு படகில் சுமார் 600 பேர் ஏறுவதால் வரிசையும் சட்டென்று கரைந்துவிடும்.

வெளியே தங்குகிறவர் டிஸ்னி ஓட்டலுக்குள் நுழையவே கூடாது என்று விதி ஒன்றும் இல்லை. டி.டி.சி.யிலிருந்து கிளம்பும் இன்னொரு மோனோரயில் பாலினீசியன், கிராண்ட் ஃப்ளோரிடியன், கன்டெம்பரரி மூன்றிலும் நிற்கும். சாதாரண நாளில் யார் வேண்டுமானாலும் இறங்கி, கடைகளைப் பார்த்து, காபி குடித்துவிட்டு வரலாம். கன்டெம்பரரியில் ரயில் கட்டடத்தின் நடுவிலேயே புகுந்து போகும். உள்ளே மேரி பிளேர் வரைந்த 90 அடி உயர ஓட்டுச் சித்திரச் சுவர் நிற்கிறது. அதைப் பார்ப்பதற்கு அறைச் சாவி தேவையில்லை. பாலினீசியனிலிருந்து கிராண்ட் ஃப்ளோரிடியன் வழியாகப் பூங்கா வரை 2020இல் நடைபாதையும் முழுமையாகிவிட்டது. ரயிலிலோ நடந்தோ வருகிற விருந்தினர் அல்லாதவருக்குக் கதவு திறக்கிறது, காரில் வந்தால் மூடுகிறது. அதாவது அந்தத் தடை ஆளுக்கு இல்லை, வண்டிக்குத்தான்.

இதில் ஓட்டலின் பக்கமும் நியாயம் இருக்கிறது. அறைக்கு அவ்வளவு பணம் கொடுத்தவர் பெட்டியோடு வந்து போர்ட்டிகோவில் நெரிசலில் மாட்டிக்கொள்ளக் கூடாது. ஓட்டல் பார்க்கிங்கில் காரை நிறுத்திவிட்டுப் பூங்காவில் பொழுதைக் கழிப்பவர்களை அனுமதித்தால், தங்குபவருக்கு இடமே இருக்காது. ஆனால் உபர் நிற்பதில்லை. இரண்டு நிமிடத்தில் ஆளை இறக்கிவிட்டுப் போய்விடும். நாள் முழுக்க இடத்தை அடைத்து நிற்கும் காருக்கும் இரண்டு நிமிடம் நின்று போகும் காருக்கும் ஒரே விதி வைப்பதால் அவதிப்படுவது முதியவரின் கால்தான்.

டிஸ்னி ஓட்டல்களில் மிக மலிவானதில் தங்கினாலும் நிறுவனத்தின் பேருந்து நேரே மேஜிக் கிங்டம் வாசலுக்குப் பக்கத்தில் இறக்குகிறது. உபரைப் போன்ற லிஃப்ட் (Lyft) செயலியில் கூப்பிடக் கிடைக்கும் மின்னி வேனும் அங்கேயே போகிறது. வெள்ளைப் புள்ளி போட்ட அந்தச் சிவப்பு வண்டிக்குக் கட்டணம் உபரைவிடப் பல மடங்கு. ஆக, வாசல் வரை வண்டி போக வழி இல்லாமல் இல்லை. வழி இருக்கிறது, கூடுதல் பணம் கொடுப்பவருக்கு. இதைவிட வருத்தமான விஷயம், வாடகைச் சக்கர நாற்காலி கிடைக்கும் இடம். மேஜிக் கிங்டத்தில் அது நுழைவைத் தாண்டி உள்ளே இருக்கிறது. சோதனை, வரிசை, படகு எல்லாவற்றையும் கடந்த பிறகுதான் வாடகை நாற்காலி. முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்குமாவது பேருந்துகள் நிற்கும் இடத்தில் உபருக்கு இரண்டு இடம் ஒதுக்கினால் யாருக்கும் நஷ்டமில்லை.

ராத்திரி வாணவேடிக்கை முடிந்தபின் நிலைமை இன்னும் கடினம். ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் ஏரியைக் கடக்க வேண்டும். பேரன் மாப்பிள்ளையின் தோளில் தூங்கிவிட்டான். டி.டி.சி. திரும்பியபோது செயலியில் கட்டணம் காலையைவிட நன்றாக ஏறியிருந்தது. மறுநாள் போன எப்காட்டில் இவ்வளவு சிரமம் இல்லை என்று மாமி இன்றைக்கும் ஒரு பட்டியலாகச் சொல்வார்.

ஆனால் இந்த அலைச்சலைப் பார்க்க நங்கநல்லூர்க்காரர் ஆர்லாண்டோ வரை போக வேண்டியதில்லை. பக்கத்திலேயே மீனம்பாக்கம் இருக்கிறது. சென்னை விமான நிலையத்தில் 2022 டிசம்பரில் பல அடுக்கு வாகன நிறுத்தகம் திறந்ததும், செயலி டாக்ஸிகளில் ஏறும் இடம் அங்கே மாற்றப்பட்டது. போகும்போது டாக்ஸி புறப்பாட்டு வாசல் வரை வருகிறது. இருபது மணி நேரப் பயணத்துக்குப் பின் இறங்கி வரும்போது மட்டும் பெட்டி வண்டியைத் தள்ளிக்கொண்டு, லிஃப்டுக்குக் காத்து, நம் வண்டி எந்தத் தளத்தில் நிற்கிறது என்று தேட வேண்டியிருக்கிறது. நங்கநல்லூர் என்றதும் கிட்டத்து சவாரி என்று ரத்து செய்யும் ஓட்டுநர்களும் உண்டு. கையில் பெட்டி குறைவாக இருந்தால் மெட்ரோவே நல்லது. 2016 செப்டம்பரிலிருந்து ஓடுகிறது. விமான நிலையம், மீனம்பாக்கம், அடுத்தது நங்கநல்லூர் சாலை நிலையம்.

நம் ஊர் நட்சத்திர ஓட்டல்களிலும் பெரிய மருத்துவமனைகளிலும் ஆட்டோவைக் கேட்டிலேயே நிறுத்துவது பழகிப்போன காட்சி. கார் உள்ளே போகும், ஆட்டோ போகாது. வெயிலில் வாசல் வரை நடப்பது அந்த ஆட்டோவில் வந்த பாட்டிதான். மாற்றுத்திறனாளிகளுக்கான வாகன நிறுத்தம் கட்டடத்தின் முதன்மை வாசலிலிருந்து 30 மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று மத்திய அரசின் வழிகாட்டு நெறிமுறை சொல்கிறது. சொந்தக் கார் வைத்திருப்பவரை மனதில் வைத்து எழுதிய அந்த அக்கறை, ஆட்டோவிலும் உபரிலும் வருகிறவருக்கும் கிடைக்க வேண்டும். திருப்போரூர் அருகே 2025 டிசம்பரில் திறந்த வொண்டர்லா பொழுதுபோக்குப் பூங்கா முதல் கிழக்குக் கடற்கரைச் சாலையின் பழைய பூங்காக்கள் வரை, நிர்வாகிகள் இதை ஒரு நாள் ஆட்டோவில் வந்து இறங்கிப் பார்த்து யோசிக்கலாம்.

இந்தக் கோடையில் ஆர்லாண்டோ போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். ஓட்டல் காவலரிடம் இல்லாத முன்பதிவைச் சொல்லி உள்ளே போகப் பார்க்காதீர்கள். திருப்பி அனுப்பினால் அலைச்சல் இரட்டிப்பாகும். உண்மையிலேயே அங்கே காலைச் சிற்றுண்டிக்கு முன்பதிவு செய்துகொண்டால் கார் முறைப்படி உள்ளே போகும், சாப்பிட்டபின் பூங்காவுக்கு நடந்தே போய்விடலாம். மடக்குகிற சக்கர நாற்காலி வீட்டில் இருந்தால் எடுத்துச் செல்லுங்கள்; விமானத்தில் அதற்குக் கட்டணம் வாங்குவதில்லை. மேஜிக் கிங்டத்துக்கு முழுதாக ஒரு நாளை ஒதுக்குங்கள். டிக்கெட் வாங்குவதற்கு முன்பே, கார் எதுவரை போகும், அங்கிருந்து எவ்வளவு தூரம் என்று பிள்ளைகளிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.