போர்டிகோ பீமும் நான் பிடித்த 1,200 ரூபாயும்



போன ஆடிக்காற்றில் எங்கள் வீட்டுத் தென்னை போர்டிகோ மேல் விழுந்தது பலருக்குத் தெரியும். போனில் விசாரித்தவர்களுக்கு "ஒண்ணும் ஆகலீங்க" என்று முடித்துவிட்டேன். முழுக்கதை இது.

2009இல் வீடு கட்டியபோது சென்ட்ரிங், கம்பி வேலை எல்லாம் என்னிடம் எட்டாவது படித்த ஒரு பையன்தான் பார்த்தான். பெயர் போட வேண்டாம் என்கிறான். போர்டிகோ பீமுக்கு, "சார், ரிங்கு நாலு இஞ்சுக்கு ஒண்ணு போட்டுக்கலாமுங்க. கொக்கிய உள்ளார மடக்கோணும். மேல்கம்பியும் 12 எம்.எம். இருக்கட்டுமுங்க" என்றான். பக்கத்து வீட்டில் எட்டு இஞ்சுக்கு ஒன்றுதான். நான் கேட்டேன்: "கம்பிக் கடையில கமிஷன் எவ்வளவு கண்ணு?"

அவன் முகம் சுருங்கியது. "மிச்சக் கம்பிக்கு என் கூலியில புடிச்சுக்குங்க சார்" என்றான். பிடித்தேன். 1,200 ரூபாய்.

மரம் விழுந்த அன்று பேத்தி அந்த போர்டிகோவில்தான் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டு ஓடிப்போய்ப் பார்த்தால், மரம் பீமின் நடுவில் கிடக்கிறது. அடி விழுந்த இடத்திலிருந்து இரண்டு பக்கமும் சாய்வாக, கூரை வீட்டு முகடு மாதிரி விரிசல். அடியில் கான்கிரீட் உதிர்ந்து ரிங்குகள் தெரிந்தன. ஒன்றுகூட வாய் திறக்கவில்லை. குழந்தை சுவரோரம் அழுதுகொண்டு நின்றாள், கீறல்கூட இல்லை.

பொறியியல் கல்லூரியில் பாடம் எடுக்கும் இன்னொரு மாணவி வந்து பார்த்தாள். "சார், லேப்ல எடையை உயரத்துல இருந்து பீம் மேல போட்டுப் பார்ப்போம். இதே விரிசல்தான் வரும்" என்று விளக்கினாள். எனக்குப் புரிந்ததை ஆறாம் வகுப்புப் பாணியில் சொல்கிறேன்.

ஆணியைச் சுவரில் கையால் அழுத்திப் பாருங்கள், இறங்காது. சுத்தியலால் லேசாகத் தட்டினால் இறங்கும். பீமுக்கும் அதுதான். ஒரு பாரத்தை மெதுவாக வைத்தால் 1 மில்லிமீட்டர் தொய்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதே பாரத்தைப் பீமைத் தொட்டபடி பிடித்திருந்து சட்டென்று விட்டால் 2 மில்லிமீட்டர். ஒரு மீட்டர் மேலிருந்து போட்டால் காகிதக் கணக்கில் சுமார் 46 மடங்கு! நிஜத்தில் பீமின் சொந்த எடையும் விரிசலும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும் என்பதால் அவ்வளவு வராது. ஆனாலும் பாருங்கள்.

இன்னொன்று. மெதுவாக ஏறும் பாரத்தைப் பீம் முழு நீளத்துக்கும் பகிர்ந்து தூணுக்கு அனுப்பும். தாங்க முடியாவிட்டால் தொய்ந்து, அடியில் விரிசல் விட்டு, நமக்குத் தகவல் சொல்லும். திடீர் அடியில் நடுப்பகுதி கீழே போய்விடுகிறது, தூணுக்குச் சேதி போய்ச் சேரவே சில மில்லி விநாடி ஆகிறது. அதற்குள் அடிபட்ட இடம் மட்டும் ஆப்பு மாதிரி பிய்த்துக்கொண்டு இறங்கப் பார்க்கும். அந்தச் சாய்வு விரிசலைக் குறுக்கே இழுத்துப் பிடிப்பவை ரிங் கம்பிகள்தான். எட்டு இஞ்சு இடைவெளி இருந்தால் விரிசலைக் குறுக்கிடும் ரிங் பாதியாகிவிடும். பீம் அந்த நேரத்தில் சில இடங்களில் மேல்நோக்கியும் வளையுமாம். 12 எம்.எம். மேல்கம்பி எதற்கென்று அப்போதுதான் தெரிந்தது.

நம் சோமனூர் பஸ் ஸ்டாண்டு கூரை 2017 செப்டம்பர் 7 அன்று இடிந்து ஐந்து பேர் போனார்களே, அது வேறு வகை. அங்கே மேலிருந்து எதுவும் வந்து மோதவில்லை. ஆனாலும் அன்று இரவு முழுக்க எனக்கு அந்த ஞாபகம்தான்.

மறுநாள் அவன் வீட்டுக்குப் போனேன். 1,200 ரூபாயை நீட்டினேன். "என்னங்க சார் இது" என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டான், வகுப்பில் நிற்கிற மாதிரி. "அன்னிக்கு உன்னை அப்படிக் கேட்டிருக்கக் கூடாது கண்ணு" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "முட்டு குடுத்தீங்களா சார்? குடுக்காம கீழ யாரையும் விடாதீங்க. வெளிய நல்லாத் தெரிஞ்சாலும் உள்ளார விட்டுருக்கும்" என்றான்.

அன்று மாலையே சவுக்கு முட்டோடு வந்து நின்றான். ஞாயிற்றுக்கிழமை பீமை உடைத்துப் புதிதாக வார்க்கிறோம். ரிங் எத்தனை இஞ்சுக்கு என்று நான் கேட்கவில்லை. பணம் இன்னும் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது, வாங்க மாட்டேன் என்கிறான்.