சாத சந்நியாசம்

"இனிமேல் எனக்கு உலை வைக்காதே!" என்று ஒரு நாள் காலையில் என் கணவர் பிரகடனம் செய்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கோபித்துக்கொண்டு எங்கேயாவது புறப்படுகிறாரோ என்று பயந்துவிட்டேன். விஷயம் வேறு: சாதம், இட்லி, தோசை எதையும் இனித் தொடமாட்டாராம். ஆபீஸ் சிநேகிதர் ஒருவர் அப்படித்தான் இளைத்தாராம்.

இது ஒன்றும் புதுச் சங்கதி இல்லை. லண்டனில் ஈமச் சடங்கு ஏற்பாடுகளைத் தொழிலாக நடத்திய வில்லியம் பாண்டிங் என்பவர், ரொட்டி, சர்க்கரை, உருளைக்கிழங்கு முதலியவற்றை ஒதுக்கி இளைத்த கதையை 1863-லேயே அச்சிட்டு வெளியிட்டுவிட்டார்!

முட்டை, கீரை, பனீர் என்று எங்கள் சமையல் மாறிற்று. முதல் வாரமே மூன்று கிலோ குறைந்தது. இவருடைய பெருமையைக் கேட்கவேண்டுமா? அதில் பெரும்பகுதி வெறும் தண்ணீர் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. உடம்பு சேமித்து வைத்திருக்கும் மாவுச்சத்து கரையும்போது, அதோடு சேர்ந்திருந்த நீரும் போய்விடுகிறது.

பத்தாம் நாள் இரவு இரண்டு மணி இருக்கும். "கை நடுங்குகிறதடி" என்றார். பனியன் தெப்பமாக நனைந்திருந்தது, பேச்சு குழறிற்று. சர்க்கரை பார்க்கும் கருவி 52 என்று காட்டியது. ஓடிப்போய் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைத்தேன். கால் மணி கழித்து 84. அந்தக் கால் மணி எனக்கு ஒரு யுகம்!

மறுநாள் டாக்டரம்மா சொன்னார்: "சாதத்தைக் குறைத்ததில் தப்பில்லை, ரத்தச் சர்க்கரை குறையத்தான் செய்யும். ஆனால் உங்கள் மாத்திரை இன்சுலினைச் சுரக்கவைப்பது. சாப்பாடு குறைந்தாலும் அது தன் வேலையைச் செய்துகொண்டேயிருக்கும். என்னைக் கேட்டு அளவைக் குறைத்திருக்க வேண்டாமா? வேறு சில மாத்திரைகளோடு இப்படிப் பட்டினி கிடந்தால் ரத்தத்தில் அமிலமே கூடிவிடும். சிலருக்குக் கெட்ட கொழுப்பும் ஏறும்."

2018-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆராய்ச்சியையும் சொன்னார். 609 பேரில் ஒரு பாதியினர் மாவுச்சத்தையும், மறு பாதியினர் கொழுப்பையும் ஒரு வருஷம் குறைத்தார்கள். இரு கட்சியும் ஏறக்குறைய ஒரே அளவுதான் இளைத்தனவாம்!

இப்போது எங்கள் வீட்டில் சமாதானம். ஒரு கரண்டி சாதம், இரண்டு பங்கு காய், கொஞ்சம் பருப்பு. மாத்திரையும் டாக்டரம்மா சொன்னபடி பாதி. எடை மெதுவாகத்தான் குறைகிறது, குறையட்டும்.

என் தலையணைக்கு அடியில் மட்டும் இன்னும் ஒரு சர்க்கரைப் பொட்டலம் இருக்கிறது. எறும்பு வருகிறதே என்று அவர் அலுத்துக்கொள்கிறார்.

வரட்டுமே!