பேரைக் கூப்பிட்டாங்களா?

சிகாகோ நகரசபைக் கூட்டங்களை இணையத்தில் பார்ப்பது எனக்கு ஒரு பழக்கம். "சீரியல் பார்க்கிற மாதிரி பார்க்கறீங்க" என்று தங்கமணி கிண்டல் செய்வார் :-)

இங்கே போலீஸ் சித்திரவதை செய்தாலும் சரி, நகரத்து லாரி மோதினாலும் சரி, நஷ்டஈடு நகரத்தின் தலையில்தான். சமரசத் தொகை 1 லட்சம் டாலரைத் தாண்டினால் வக்கீல்கள் தாங்களாகவே கொடுத்துவிட முடியாது. முதலில் நிதிக்குழு; என்ன நடந்தது, ஏன் இவ்வளவு என்று அங்கே விளக்க வேண்டும். பிறகு 50 உறுப்பினர் சபையில் ஓட்டு. வழக்கின் பெயரும் தொகையும் யாரும் பார்க்கலாம். "தப்பை ஒப்புக்கொள்ளவில்லை" என்ற வரியும் பெரும்பாலும் ஒட்டிக்கொண்டே வரும்!

2015 மே 6 அன்று நடந்தது வேறு. ஜான் பர்ஜ் என்ற போலீஸ் அதிகாரியும் அவருக்குக் கீழிருந்தவர்களும் 1972 முதல் 1991 வரை நூற்றுக்கும் மேற்பட்ட கறுப்பினத்தவரைச் சித்திரவதை செய்திருந்தார்கள். மின்சாரம் பாய்ச்சியதுகூட உண்டு. அவர்களுக்காக 55 லட்சம் டாலரை சபை ஒப்புக்கொண்டது. பிழைத்தவர்கள் அரங்கில் இருந்தார்கள். பெயர் வாசிக்க வாசிக்க எழுந்து நின்றார்கள். மேயர் ரஹம் இமானுவேல் மன்னிப்புக் கேட்டார்.

எனக்கு மார்டள்ளி ஞாபகம் வந்துவிட்டது...

எங்கள் ஊர் 1997 வரை மைசூர் மாவட்டம், இப்போது சாமராஜநகர். வீரப்பன் தேடுதல் வேட்டையில் இரு மாநில அதிரடிப்படைகள் மீது மலையோர மக்கள் சொன்ன புகார்களை விசாரிக்க, 1999-ல் தேசிய மனித உரிமை ஆணையம் நீதிபதி சதாசிவா குழுவை அமைத்தது. 2007-ல் 89 பேருக்கு 2.80 கோடி ரூபாய் தரச் சொன்னது. ஆளுக்குச் சராசரி 3 லட்சத்துக்குச் சற்று மேல். நம்மூரில் போலீஸ் மாநில அரசின் கையில். ஆகவே டெல்லி ஆணையம் சொல்ல, மாநிலங்கள் கொடுக்க வேண்டும். எந்த ஊராட்சியின் ஓட்டுக்கும் அது வராது.

இதையெல்லாம் அம்மாவிடம் போனில் சொன்னேன். எவ்வளவு பணம் என்று அவர் கேட்கவே இல்லை.

"எல்லார் முன்னாடியும் பேரைச் சொல்லியா கூப்பிட்டாங்க?"

"ஆமாம்மா."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அந்தக் காலத்துல நம்ம பக்கம் யாராவது பேரைச் சொல்லிக் கூப்பிட்டாலே பயம்தாம்பா."

அரசாங்க வீடு யார் யாருக்கு என்பதைக் கிராம சபையில்தான் முடிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். அதே சபையில், சம்பந்தப்பட்டவர்கள் சம்மதித்தால், அந்தப் பெயர்களையும் ஒருநாள் வாசிக்கலாமே? "இவர்களுக்கு நடந்தது தப்பு" என்று ஒரு வரி சேர்த்து. செக்கை வங்கியில் போட்டுவிடலாம். அந்த ஒரு வரியை ஊர் முன்னால்தான் சொல்ல முடியும்.