அஞ்சறைப் பெட்டிக்கு

அன்புள்ள அஞ்சறைப் பெட்டிக்கு,

அடுப்புக்கு வலப்பக்கம், கை எட்டும் தூரத்தில் இருக்கிறாயே, முதல் நன்றி அதற்குத்தான். எண்ணெய் காய்ந்த பிறகு பரணில் டப்பா தேட யாருக்கு நேரம்? கடுகு வெடித்து அடங்கும்போது உளுந்து விழ வேண்டும். வெந்தயமோ கொஞ்சம் அசந்தால் கருகிக் கசக்கும். அந்த நொடிகளில் நீ என்னை அலைய விட்டதேயில்லை. மின்வெட்டு இரவுகளில்கூட விரல் நேராகக் கடுகுக்குப் போயிருக்கிறது.

பெட்டியே, நடுவில் ஒரு கிண்ணம், சுற்றி ஆறு. ஒரே அளவு வட்டங்கள் இப்படித்தான் ஒன்றையொன்று தொட்டுக் கச்சிதமாக உட்காரும், அது கணக்கு. எது எங்கே என்பதை மட்டும் என்னிடம் விட்டுவிட்டாய். மாமியார் வீட்டில் நடுநாயகம் மிளகு. இங்கே கடுகு. பிறகு நான் தாளிக்கிற வரிசையிலேயே உளுந்து, கடலைப்பருப்பு, சீரகம். விருந்தாளி யாராவது உதவ வந்தால் திணறித்தான் போகிறார்கள். போகட்டும்.

பெட்டியே, உனக்குத் தூரத்து உறவு ஒன்று உண்டு. 1926இல் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற வியன்னாக் கட்டடக் கலைஞர், பிராங்பர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக ஒரு சமையலறையை வடிவமைத்தார். சமைப்பவர் வீணாக ஓரடி நடக்கக் கூடாது என்று பார்த்துப் பார்த்துச் செய்தது. அரிசிக்கும் சர்க்கரைக்கும் பெயர் பொறித்த அலுமினியப் பெட்டிகள், வரிசையாக. பார்த்துப் பொறாமைப்பட்டேன். ஆனால் அரிசி என்று பொறித்த பிறகு அதில் அரிசிதானே போட வேண்டும்? உன்மேல் யாரும் எதையும் எழுதவில்லை. அதனால்தான் நீ என் வீட்டுப் பெட்டி ஆனாய்.

பெட்டியே, நீ சின்னதாக இருப்பதும் எனக்கு உபகாரம். வாரத்துக்கு வேண்டியது மட்டுமே உன்னில். மிச்சம் இருட்டு அலமாரியில், இறுக மூடிய பாட்டிலில். அடுப்பின் சூட்டில் கிடந்தால் சீரகம் வாசம் இழக்கும். பெருங்காயத்துக்கு உன்னிடம் இடமில்லை, விட்டால் ஏழு கிண்ணமும் அதன் வாசமே அடிக்கும். ஈரம் இழுத்து எவர்சில்வரை அரிக்கும் உப்பும் தன் ஜாடியிலேயே இருக்கட்டும்.

பெட்டியே, இப்போது மகளும் சமைக்கிறாள். ஒரேகானோவுக்கு ஒரு கிண்ணம் வேண்டுமாம், வெந்தயத்தை எடுத்துவிடலாமாம். வெந்தயத்தில் கைவைக்க விடமாட்டேன். சோம்பை வேண்டுமானால் பாட்டிலுக்கு அனுப்பிவிடுவோம், அவளுக்கும் கொஞ்சம் இடம் கொடு.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரி