நாற்பது வளைவுகளும் ஒரு கம்பியும்

ஆழியாறு சோதனைச் சாவடியைக் கடந்தபின் வால்பாறைச் சாலையில் கொண்டை ஊசி வளைவுகள் நாற்பது. ஒவ்வொன்றுக்கும் எண் பலகை உண்டு. பொள்ளாச்சியிலிருந்து அறுபத்து நான்கு கிலோமீட்டர் தூரத்தை முதன்முறை வருவோர் வரையாடுகளையும் கீழே விரியும் அணையையும் பார்த்துக் கடப்பர். நாங்களோ ஓராண்டுக் காலம் எண் பலகைகளை மட்டுமே பார்த்துக் கடந்தோம். எந்த எண்ணில் எங்கள் கார் மூச்சை நிறுத்தும் என்பதே எங்கள் கவலையாக இருந்தது.

கார் அப்பாவுடையது. 1984-ஆம் ஆண்டின் அம்பாசிடர்; பெட்ரோல் வண்டி. தேயிலைத் தொழிற்சாலை வேலையில் மிச்சம் பிடித்த பணத்தில் பழைய வண்டியாக வாங்கியது. அந்த வகைக் காரின் உற்பத்தியே 2014-இல் நின்றுவிட்டது. இதை விற்றுவிடலாம் என்று நாங்கள் இருவரும் பலமுறை பேசியதுண்டு. ஆனால் அப்பாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்து தேறியபின் பேருந்துப் படி ஏற முடியவில்லை. அவருடைய விழித்திரை நோய்க்கு மாதந்தோறும் கோயம்புத்தூரில் கண்ணுக்குள் ஊசி போட வேண்டும். நாள் தவறினால் இருக்கும் பார்வையும் மங்கும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். வாடகைக் கார் இல்லையா என்று வாசகர்கள் கேட்கக்கூடும். இருமுறை அழைத்துப் போனோம். தாழ்ந்த இருக்கையில் இடுப்பை மடக்கி உட்கார்ந்து எழுந்த வேதனையில் அவர் இரண்டு நாள் படுக்கையை விட்டு அசையவில்லை. அம்பாசிடரின் உயர்ந்த இருக்கையிலோ, வீட்டு நாற்காலியில் அமர்வதுபோல் அமர்ந்துவிடுவார்.

நோய் இப்படித்தான் தொடங்கியது. சமவெளியில் வண்டி தங்கமாக ஓடும். மலை ஏறத் தொடங்கிப் பத்துப் பன்னிரண்டு வளைவுகள் கடந்ததும், வளைவுக்குமுன் வேகத்தைக் குறைத்து, திரும்பியபின் மீண்டும் பெடலை அழுத்தும் நேரத்தில், விளக்கை அணைத்தாற்போல் எஞ்சின் அணைந்துவிடும். சில வேளை ஒரு விக்கலோடு தானே பிழைத்துக்கொள்ளும். சில வேளை முழுதாய் நின்றுவிடும். கைப்பிரேக்கை இழுத்துவிட்டு, இறங்கி ஓடிப் பின்சக்கரத்துக்குக் கல் வைப்போம். மறுபடி சாவியைத் திருப்பினால் ஒன்றும் நடவாததுபோல் எஞ்சின் ஓடும்.

பொள்ளாச்சியில் ஒரு சிறிய பட்டறைக்குக் கொண்டுபோனோம். 1920-இல் ஜி. டி. நாயுடு ஒரே ஒரு பேருந்தோடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தம் தொழிலைத் தொடங்கிய மண் அது. வண்டியின் ஒலியைக் கேட்டே குறை சொல்வோர் அங்கே இன்றும் இருக்கிறார்கள். இந்தப் பட்டறைக்காரரும் அப்படிப்பட்டவர்தாம். காதைச் சாய்த்துக் கேட்டார், ஓட்டிப் பார்த்தார், மறுநாளும் பார்த்தார். அவர் முன்னிலையில் வண்டி ஒருமுறைகூட நிற்கவில்லை. வெயிலில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகிவிடுகிறதோ என்று ஐயுற்றுப் பம்பின்மேல் ஈரத்துணி சுற்றினார். அடுத்த மாதம் காயிலை மாற்றினார். சூடேறியபின் உள்ளே இணைப்பு விட்டு, ஆறியதும் சேர்ந்துகொள்ளும் காயில்கள் உண்டு என்றார். அதற்கும் அடுத்த மாதம் பாயின்ட்டும் கன்டென்சரும் மாறின. ஒவ்வொன்றும் அறிவுக்குப் பொருந்திய ஐயந்தான். ஆனால் நோய் மாறவில்லை.

ஆவணி மாதத்து மாலை ஒன்றில் அட்டகட்டிக்கு மேலே, கொட்டும் மழையில், வண்டி நின்றது. இம்முறை கைப்பிரேக் பிடிக்கவில்லை. வண்டி இரண்டு முழம் பின்னோக்கி உருண்டு, சாலையோரத் தடுப்புச்சுவரில் முட்டி நின்றது. சுவருக்கு அப்பால் பள்ளம். பின்னிருக்கையில், கண்ணில் கட்டோடு அப்பா. அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. முன்னிருக்கையின் முதுகைப் பிடித்திருந்த கைகள் மட்டும் வீடு சேரும்வரை நெகிழவேயில்லை.

மறுநாள் நாங்கள் பட்டறைக்காரரைத் தொலைபேசியில் அழைத்துப் பேசியவற்றை இங்கே முழுதும் எழுத வெட்கமாயிருக்கிறது. நல்ல பொருள்களைக் கழற்றி எடுத்துக்கொண்டு புதியவற்றின் பெயரில் பணம் பறித்ததாகக்கூடச் சொல்லிவிட்டோம். அவர், “சரிங்க” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். அடுத்த அறையில் படுத்திருந்த அப்பா, “அவர் பாக்கறப்ப வண்டி நல்லாத்தானே இருந்துச்சு? நிக்காத வண்டிய அவர் எப்படிங்கப்பா கண்டுபிடிப்பாரு?” என்றார்.

அந்தக் கேள்வி எங்களைத் தைத்தது. நிற்கும் நொடியில் வண்டியின் அருகே இருப்பவர்கள் நாங்கள்தானே? பார்க்க வேண்டியவர்களும் நாங்களே.

முதலில் கைப்பிரேக்கைச் சீராக்கினோம். பின் பழைய நூல் ஒன்றைப் படித்தும், அப்பாவின் நண்பரான ஓய்வுபெற்ற மின்பணியாளர் ஒருவரைக் கேட்டும் சிறிது தெளிந்தோம். பெட்ரோல் வராமல் நிற்கும் எஞ்சின் இருமித் தள்ளாடி நிற்கும். மின்பொறி அற்று நிற்கும் எஞ்சின் வெட்டினாற்போல் நிற்கும். எங்களுடையது இரண்டாம் வகை. பாட்டரியின் பன்னிரண்டு வோல்ட் மின்சாரம் சாவி வழியே காயிலுக்குள் சென்று, அங்கிருந்து டிஸ்ட்ரிபியூட்டரின் பாயின்ட் வழியாக வண்டியின் உடலில் இறங்குகிறது. பாயின்ட் திறக்கும் ஒவ்வொரு முறையும் அந்த ஓட்டம் அறுபட, காயிலில் உயர்மின்னழுத்தம் பிறந்து பிளக்கில் பொறி தெறிக்கிறது. இந்தப் பாதையில் எங்கோ ஓரிடம் விட்டு விட்டுச் சேர்கிறது. காயிலுக்கு முன்னா, பின்னா என்பதே வினா.

ஊசி ஆடும் பழைய வோல்ட் மீட்டர் ஒன்றை இரவல் வாங்கி, காயிலிலிருந்து பாயின்ட்டுக்குப் போகும் முனையிலும் வண்டியின் உடலிலும் நீண்ட கம்பிகளால் இணைத்து உள்ளே கொண்டுவந்தோம். அப்பாவை வீட்டில் விட்டுவிட்டு, ஒருவர் ஓட்ட மற்றவர் மடியில் மீட்டரோடு, ஆழியாறுவரை இறங்கித் திரும்ப ஏறினோம். எஞ்சின் ஓடும்போது ஊசி நடுவில் நடுங்கும். நிற்கும் நொடியில் அது சுழிக்கு விழுந்தால் மின்சாரம் காயிலுக்கே வரவில்லை. பன்னிரண்டுக்குத் தாவினால், காயில்வரை வந்தது அப்பால் இறங்க வழியின்றி நிற்கிறது. எஞ்சின் சுழலும்போதே பார்த்துவிட வேண்டும். நின்றபின் பார்த்துப் பயனில்லை. பாயின்ட் மூடிய நிலையில் நின்றதா, திறந்த நிலையில் நின்றதா என்பதைப் பொறுத்து ஊசி எதையும் காட்டும்.

லோம்ஸ் காட்சிமுனை உள்ள ஒன்பதாம் வளைவு அமைதியாகக் கழிந்தது. பதினான்காவதில் ஒரு விக்கல்; ஊசி பன்னிரண்டுக்குத் தாவித் திரும்பியது. பத்தொன்பதாவதில் தாவிய ஊசி அங்கேயே நிற்க, எஞ்சின் அணைந்தது. ஓராண்டில் முதன்முறையாக, வண்டி நின்றதற்காக நாங்கள் மகிழ்ந்தோம்.

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயின்ட்டைத் தாங்கும் தட்டு ஒன்று உண்டு. பெடலை அழுத்தும்போதும் விடும்போதும் எஞ்சின் உறிஞ்சும் காற்றின் இழுப்பு மாற, ஒரு மெல்லிய குழாய் வழியே அந்தத் தட்டு சிறிது முன்னும் பின்னும் திரும்பும். சமநிலத்தில் ஒரே சீராக ஓட்டினால் அது பெரிதும் அசையாது. மலையிலோ வளைவுக்கு வளைவு அசைந்துகொண்டே இருக்கும். அடுத்த முறை அந்தக் குழாயைக் கழற்றி வாயை அடைத்துவிட்டு ஏறினோம். நாற்பது வளைவும் ஒரு விக்கலின்றிக் கழிந்தன. ஒருமுறை நடந்ததை நம்பலாகாதென்று மற்றொரு நாளும் ஏறினோம். கவர்க்கல்லில் மூடுபனி, ரொட்டிக்கடையில் தேநீர், வீடு.

மூடியைத் திறந்தோம். வெளி முனையிலிருந்து பாயின்ட்டுக்குச் செல்லும் விரல் நீளக் கம்பி பார்வைக்குக் குறையற்றிருந்தது. மெல்ல இழுத்தபோது அதன் மேலுறை ரப்பர்போல் நீண்டது. உள்ளே செப்பு இழைகள் அனைத்தும் அற்றிருந்தன. உறைதான் இரு துண்டுகளையும் சேர்த்துப் பிடித்திருந்தது. பல்லாண்டுகள் அசைந்து தேய்ந்த கம்பி அது. யாரும் செய்த குற்றமில்லை.

புதிய கம்பியைப் பூட்டிய மாதம், அப்பாவை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் வழியில் பட்டறை முன் வண்டியை நிறுத்தினோம். என்ன சொல்வதென்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தது ஒன்றும் நாவில் வரவில்லை. “தப்பாப் பேசிட்டோமுங்க” என்றோம். அவர் அதற்கு மறுமொழி கூறாமல், எங்கள் கையிலிருந்த அற்ற கம்பியை வாங்கி இழுத்தார், விட்டார், மறுபடி இழுத்தார்.

“கன்டென்சர் மாத்தறப்ப இது என் கையில பட்டுதுங்க. இழுத்துப் பாக்கோணும்னு தோணாமப் போச்சு. இத நான் வெச்சுக்கட்டுமுங்களா? பசங்களுக்குக் காட்டோணும்.”

பிறகு பின்கதவின் அருகே குனிந்து, “அய்யா, இப்பக் கண்ணு எப்படித் தெரியுதுங்க?” என்று அப்பாவைக் கேட்டார். அப்பா அவர் முகத்தைச் சற்று நேரம் உற்று நோக்கி, “மீசை நரைச்சுப்போச்சுங்களே” என்றார்.